வெறுப்புப் பதிவுக்கு யார் பொறுப்பு?

தாம்பரத்தைத் தாண்டி வண்டலூரில் கிழக்கே திரும்பும் சாலை, பழைய மாமல்லபுரம் சாலையைத் தொடும் இடம் கேளம்பாக்கம். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள். புயல் வந்தால் மக்கள் ஒதுங்குவதற்காக அரசு அங்கே கட்டிய கட்டடம் ஒன்றில் மியான்மரைச் சேர்ந்த ரோஹிங்கியா முஸ்லிம் அகதிகள் தங்கவைக்கப்பட்டனர். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ நூறு பேர். ஆண்களில் பலருக்குப் பழைய பேப்பர், பிளாஸ்டிக், இரும்பு பொறுக்கி விற்பதுதான் பிழைப்பு. பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போய்த் தமிழ் கற்றுக்கொண்டார்கள். 2012-இல் ராக்கைன் மாநிலத்தில் நடந்த வன்முறைக்குப் பிறகு ஊரைவிட்டு வெளியேறியவர்கள் இவர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, அங்கேயே தங்கிவிட்ட அவர்களுடைய இனத்தாரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோரை மியான்மர் ராணுவம் எல்லை தாண்டி வங்கதேசத்துக்கு விரட்டியது.

அந்த ஐந்து ஆண்டுகளில் நடந்த ஒரு மாற்றம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். மியான்மரின் கைகளுக்குக் கைபேசி வந்தது, கைபேசிக்குள் ஃபேஸ்புக் வந்தது. ஒரு மக்கள்கூட்டத்தையே அழிக்கச் சொல்லும் பதிவுகள் அதில் பரவின. எழுதியவர் குற்றவாளியா, பரப்பியவர் குற்றவாளியா, பரப்புவதற்கு மேடை போட்டுக்கொடுத்த நிறுவனம் குற்றவாளியா? இதைக் கேட்டு நீதிமன்றப் படியேறும் வேலை இன்றும் முடியவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் பெயர் ஒத்த இரண்டு நீதிமன்றங்கள் இருக்கின்றன. சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிப்பது. ரோஹிங்கியா மக்கள்மீது இனப்படுகொலை நடந்ததாகக் கூறி, ஆப்பிரிக்காவின் சிறிய நாடான காம்பியா 2019 நவம்பரில் மியான்மர் மீது வழக்குப் போட்டது இங்கேதான். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வேறு. அது தனி மனிதர்களைக் கூண்டில் ஏற்றுவது. 1998-இல் எழுதப்பட்டு 2002-இல் நடைமுறைக்கு வந்த ரோம் சாசனம்தான் அதற்கு அடிப்படை. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், ஆக்கிரமிப்பு ஆகிய நான்கைத் தவிர வேறெதையும் அது தொடாது. இரண்டுமே இந்தக் கதையில் வருகின்றன.

இனி மியான்மருக்கு வருவோம். பல ஆண்டுகள் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்த அந்த நாட்டில் ஒரு சிம் கார்டு வாங்க நூற்றுக்கணக்கான டாலர் வேண்டியிருந்தது. 2014-இல் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் நுழைந்ததும் அதே சிம் 1,500 கியாட்டுக்கு, அதாவது ஏறத்தாழ ஒன்றரை டாலருக்குக் கிடைத்தது. நாடே ஒரே பாய்ச்சலில் இணையத்துக்குள் வந்தது. கடையில் கைபேசி வாங்கும்போதே ஃபேஸ்புக் அதில் ஏற்றித் தரப்பட்டது. பெரும்பாலானவர்களுக்கு இணையம் என்றாலே ஃபேஸ்புக் என்று ஆனது.

அதே 2014 ஜூலையில் மாண்டலே நகரில், முஸ்லிம் தேநீர்க் கடைக்காரர்கள் பௌத்தப் பெண்ணொருத்தியை வன்புணர்ந்ததாக ஒரு பொய்ச்செய்தி ஃபேஸ்புக்கில் பரவியது. அதைப் பெரிதாகப் பரப்பியவர்களில் விராது என்ற புத்த பிக்குவும் ஒருவர். கலவரத்தில் இரண்டு பேர் செத்தார்கள். அரசு ஃபேஸ்புக்கைத் தற்காலிகமாக முடக்கிய பிறகுதான் நிலைமை அடங்கியது. இது போதுமான எச்சரிக்கை இல்லையா? ஆனால் 2015-இன் தொடக்கத்தில்கூட, பர்மிய மொழியைப் படித்துப் புகார்களைப் பார்க்க ஃபேஸ்புக்குக்கு இருந்த ஆட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் பின்னாளில் வெளிக்கொணர்ந்தது. இயந்திரமும் கைகொடுக்கவில்லை. அங்கே பெரும்பாலோர் யூனிகோடில் எழுதவில்லை, ஸாஜி என்ற எழுத்துருவில் எழுதினார்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் உடனே புரியும். மனிதன் படிக்கும் எழுத்து, இயந்திரத்துக்கு வெறும் குப்பை. கொலைக்கு அழைப்பு விடுத்த ஒரு பதிவை ஃபேஸ்புக்கின் மொழிபெயர்ப்புக் கருவி வானவில் பற்றிய வாக்கியமாக மாற்றிக் காட்டியதும் ராய்ட்டர்ஸ் செய்தியில் வந்ததுதான்.

2018 ஆகஸ்ட் 27 அன்று ஐ.நா. உண்மையறியும் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. மியான்மர் ராணுவத் தலைமைத் தளபதி மின் ஆங் ஹிலைங் உள்ளிட்ட தளபதிகளை இனப்படுகொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்றது. வெறுப்பைப் பரப்ப ஃபேஸ்புக் வசதியான கருவியாக இருந்தது, அந்த நிறுவனம் மந்தமாகவும் பயனற்ற வகையிலும்தான் செயல்பட்டது என்றும் சொன்னது. அதே நாளில் ஃபேஸ்புக் அந்தத் தளபதியின் கணக்கு உட்பட 18 கணக்குகளையும் 52 பக்கங்களையும் நீக்கியது. அவற்றைப் பின்தொடர்ந்தவர்கள் ஏறத்தாழ 1.2 கோடி. விரட்டல் நடந்து ஒரு வருடம் கழித்து வந்த நடவடிக்கை இது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? வெறுப்புப் பேச்சு எல்லாமே சர்வதேசக் குற்றம் ஆகிவிடாது. எவ்வளவு கேவலமான வசையானாலும் அதைத் தண்டிக்கும் வேலை அந்தந்த நாட்டுச் சட்டத்துடையது. சர்வதேசச் சட்டம் மிகக் குறுகிய ஒரு வாசலைத்தான் திறந்துவைத்திருக்கிறது. இனப்படுகொலை செய்யும்படி நேரடியாகவும் பகிரங்கமாகவும் தூண்டுவது குற்றம். 1948-ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையிலேயே இது இருக்கிறது. தூண்டியவர் பேச்சைக் கேட்டு யாரும் கொல்லாவிட்டாலும் குற்றம் குற்றம்தான். மற்ற குற்றங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. தூண்டுதலால் குற்றம் உண்மையில் நடந்திருக்க வேண்டும், அல்லது அதற்கான முயற்சியாவது நடந்திருக்க வேண்டும்.

ஒரு மனிதனையும் தன் கையால் கொல்லாதவர் தூக்குமேடை ஏறிய முன்னுதாரணம் நூரம்பர்க்கில் இருக்கிறது. ஜூலியஸ் ஸ்ட்ரைஷர் என்ற பத்திரிகைக்காரர் யூதர்களை ஒழிக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் எழுதினார், 1946-இல் தூக்கிலிடப்பட்டார். அதே வழக்கில் நாஜி வானொலிக்காரர் ஹான்ஸ் ஃப்ரிட்ஸ்ஷ விடுதலையானார். அவருடைய பேச்சு கொலை செய்யத் தூண்டும் நோக்கத்தோடு அமைந்ததாக நீதிபதிகள் ஏற்கவில்லை. கோடு எங்கே விழுகிறது என்பதை இந்த இரண்டு தீர்ப்புகளும் சேர்ந்தே காட்டுகின்றன.

ருவாண்டா வழக்கு இன்னும் நெருக்கமானது. 1994-இல் துட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று அழைத்து, ஒளிந்திருக்கும் இடங்களைக்கூட ஒலிபரப்பியது ஆர்.டி.எல்.எம். வானொலி. தான்சானியாவின் அருஷாவில் கூடிய ஐ.நா. தீர்ப்பாயம் 2003-இல் அந்த வானொலியின் நிறுவனர்கள் இருவரையும் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் தண்டித்தது. 2007-இல் மேல்முறையீட்டில் பல பகுதிகள் அடிபட்டு, தண்டனையும் குறைந்தது. ஆனாலும் நிறுவனர்களில் ஒருவரான ஃபெர்டினான்ட் நாஹிமானா தப்பவில்லை. காரணத்தைக் கவனியுங்கள். ஒலிவாங்கி முன் உட்கார்ந்து அவர் பேசவில்லை. தன் கீழ் வேலை செய்தவர்கள் கொலைக்குத் தூண்டுவது தெரிந்திருந்தும், தடுக்கும் அதிகாரம் இருந்தும் தடுக்கவில்லை என்பதற்காக அவருக்கு 30 ஆண்டுச் சிறை உறுதியானது.

அப்படியானால் ஃபேஸ்புக் முதலாளியையும் இதே விதியில் பிடிக்க முடியாதா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான், ஆனால் பதில் சாதகமாக இல்லை. வானொலி அறிவிப்பாளர் நிறுவனத்தின் சம்பளக்காரர். ஃபேஸ்புக்கில் எழுதுகிறவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் அல்ல. குற்றத்துக்கு உதவியதாகக் காட்டலாம் என்றால், குற்றம் நடக்க வசதி செய்துகொடுக்கும் நோக்கத்தோடேயே உதவியதை நிரூபிக்கச் சொல்கிறது ரோம் சாசனம். விளம்பர வருமானத்துக்காக அலட்சியமாக இருந்தது அந்த அளவுகோலை எட்டாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹேக் குற்றவியல் நீதிமன்றம் மனிதர்களை மட்டுமே விசாரிக்கலாம். நிறுவனத்தைக் குற்றவாளியாக நிறுத்த அதற்கு அதிகாரமே இல்லை. அமெரிக்கச் சட்டத்தின் 230-ஆவது பிரிவும், நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவும் பயனர் எழுதியதற்கு மேடையைப் பொறுப்பாக்காமல் காப்பாற்றுகின்றன.

இந்தக் காப்பு எழுதப்பட்ட காலத்தில் மேடை என்பது வெறும் அறிவிப்புப் பலகை. இப்போது அப்படி இல்லை. எதை யார் கண்ணில் காட்டுவது, எதை மேலே தூக்குவது என்பதை நிறுவனத்தின் நிரல் தீர்மானிக்கிறது. ரோஹிங்கியாவுக்கு எதிரான வெறுப்பை ஃபேஸ்புக்கின் நிரலே பெருக்கியது என்று ஆம்னெஸ்டி அமைப்பு 2022-இல் குற்றம் சாட்டியது. மனிதர் எழுதிய சொல்லுக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்று ஒரு நிறுவனம் சொல்வதை ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து லட்சம் பேரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது அதன் சொந்தச் செயல் அல்லவா? சட்டம் இந்த இடத்தில் காலத்துக்குப் பின்தங்கி நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தண்டிக்க முடியாத நிறுவனத்திடம்தான் தண்டிப்பதற்கான சான்று இருக்கிறது. 2018-இல் நீக்கிய பக்கங்களை அழிக்காமல் வைத்திருப்பதாக ஃபேஸ்புக் சொன்னது. அவற்றைக் கேட்டு 2020-இல் காம்பியா வாஷிங்டன் நீதிமன்றத்துக்குப் போனது. கொடுக்கச் சொல்லி 2021 செப்டம்பரில் ஓர் உத்தரவு வந்தது. அந்த உத்தரவின் முக்கியமான பகுதியை டிசம்பரிலேயே இன்னொரு நீதிபதி ரத்து செய்தார். பயனரின் தகவலைக் காக்கும் சட்டம் இனப்படுகொலைச் சான்றையும் சேர்த்துக் காத்தது. மியான்மருக்காக ஐ.நா. அமைத்த சுயேச்சை விசாரணை அமைப்புக்கு மட்டும் ஃபேஸ்புக் சில தரவுகளைக் கொடுத்தது. அந்த அமைப்பு நீதிமன்றம் அல்ல. பிற்கால வழக்குகளுக்காகச் சான்று சேர்த்து, பகுத்து வைப்பது அதன் பணி. அது 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. வெளிப்பார்வைக்கு ராணுவத்தோடு தொடர்பே இல்லாத 43 பக்கங்கள் உள்ளே ஒரே வலைப்பின்னலாக இயங்கின. அவற்றில் சில பொழுதுபோக்குப் பக்கங்கள்போல வேடமிட்டவை. பக்கத்தைத் தொடங்கியவர், நடத்தியவர், பயன்படுத்திய இணைய முகவரி எல்லாம் ராணுவத்தை நோக்கிப் போயின. 10,000-க்கும் அதிகமான வெறுப்புப் பதிவுகள் அவற்றில் இருந்தன. வெளியே இருந்து பார்க்கும் எவருக்கும் இந்த இழை தென்படாது. நிறுவனத்தின் பதிவேடு கையில் கிடைத்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

ஆகவே ஒரு பதிவை நீக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. நீக்கவும் வேண்டும், பத்திரப்படுத்தவும் வேண்டும். 2017-இல் யூடியூப் தன் தானியங்கி வடிகட்டியை முடுக்கியபோது, சிரியப் போரில் மக்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான காணொளிகள் காணாமல்போயின. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹேக் குற்றவியல் நீதிமன்றம் லிபியத் தளபதி மஹ்மூத் அல்-வெர்ஃபல்லிக்குப் பிடியாணை பிறப்பித்தது. 33 பேரைச் சுட்டுக்கொன்ற ஏழு சம்பவங்கள். பெருமளவு ஆதாரம், சமூக ஊடகத்தில் ஏறிய காணொளிகள்தான். அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் அப்படியொரு பிடியாணை அதுவே முதல் முறை. அவர் பிடிபடவில்லை, 2021-இல் பெங்காசியில் சுட்டுக்கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட சான்றை எப்படிச் சேகரிக்க வேண்டும், எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பதற்குப் பெர்க்லி நெறிமுறை என்ற வழிகாட்டி 2020-இல் வந்தது.

சரிபார்ப்பு என்றால் என்ன என்பதற்குத் தமிழர்கள் வெளியே தேடவேண்டியதில்லை. 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4, இலங்கைப் போரில் எடுத்ததாக ஒரு கைபேசிக் காணொளியை ஒளிபரப்பியது. கைகள் கட்டப்பட்டு, கண்கள் மூடப்பட்டு, நிர்வாணமாக உட்காரவைக்கப்பட்ட மனிதர்களைப் பின்னாலிருந்து சுடும் காட்சி. போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். துப்பாக்கி வல்லுநர், துப்பாக்கியின் பின்னுதைப்பும் சூட்டின் தன்மையும் நிஜத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார். உடற்கூறு மருத்துவர், உடல் சரிந்த விதத்தையும் குருதியையும் பார்த்தார். காணொளி வல்லுநர், வெட்டி ஒட்டிய தடயம் இருக்கிறதா என்று தேடினார். காட்சி உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் ஆல்ஸ்டன் அறிவித்தார். கோப்பில் பதிவாகியிருந்த தேதி உள்ளிட்ட சில புள்ளிகளுக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். நம்பகத்தன்மை அப்படித்தான் சம்பாதிக்கப்படுகிறது. பார்த்தவுடன் நெஞ்சு பதறுவது சான்று ஆகாது. அப்படிப் பதறவைத்த காட்சியை மூன்று துறைகளின் கேள்விகளுக்கு முன்னால் நிறுத்துவதுதான் சான்று.

அத்தனை சான்று இருந்தும் இலங்கை விவகாரம் ஏன் ஹேக் போகவில்லை? இலங்கை ரோம் சாசனத்தில் சேரவில்லை. மியான்மரும் சேரவில்லை. ஆனால் வங்கதேசம் சேர்ந்திருக்கிறது, அதுதான் வித்தியாசம். ஒரு மக்களை எல்லை தாண்டி விரட்டுவது என்ற குற்றம், அவர்கள் எல்லையைத் தாண்டிய பிறகுதான் முழுமையடைகிறது. ஒரு கால் மியான்மரில், மறு கால் வங்கதேசத்தில். அந்த மறு காலைப் பிடித்துக்கொண்டு 2018 செப்டம்பரில் நீதிபதிகள் அதிகார வரம்பை ஏற்றார்கள். 2019 நவம்பரில் விசாரணைக்கு அனுமதி தந்தார்கள். வங்கதேசத்துக்குச் சாசனம் நடைமுறைக்கு வந்த 2010 ஜூன் முதல் நடந்தவை அதில் அடங்கும். 2012 வன்முறையில் வங்கதேசத்துக்குள் விரட்டப்பட்டு, அங்கிருந்து இந்தியா வந்தவர்களின் துயரமும் அந்தக் கால எல்லைக்குள்தான் வருகிறது. 2024 நவம்பரில் மின் ஆங் ஹிலைங்குக்குப் பிடியாணை கேட்டு வழக்குரைஞர் விண்ணப்பித்தார். விரட்டல், துன்புறுத்தல் என்ற மானுடத்துக்கு எதிரான குற்றங்களே அதன் அடிப்படை.

இந்தியாவும் ரோம் சாசனத்தில் இல்லை. அதன் விளைவை நாம் யோசித்ததே கிடையாது. போர் நடந்த ஆண்டுகளில் ராமேசுவரம் கரையில் படகுகளில் வந்து இறங்கிய ஈழத்தமிழர்களும் எல்லை தாண்டி விரட்டப்பட்டவர்கள்தானே? இந்தியா உறுப்பு நாடாக இருந்திருந்தால், வங்கதேசம் திறந்த அதே கதவைத் தட்ட 2002-க்குப் பிறகு வந்தவர்களுக்குச் சட்டப்படி ஒரு வாதமாவது இருந்திருக்கும். இப்போது எஞ்சியிருப்பது, 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் தீர்மானத்தால் தொடங்கிய சான்று சேகரிப்புப் பணி. அந்த வாக்கெடுப்பில் இந்தியா விலகி நின்றது.

நம் ஊரிலும் பொய்ப் பதிவுகள் உயிர் குடித்திருக்கின்றன. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி தமிழ்நாட்டில் பரவியபோது, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது அம்மாவைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் கும்பல் அடித்துக் கொன்றது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் சுற்றின. கட்டட வேலையையும் தொழிற்கூடங்களையும் நம்பிப் புலம்பெயர்ந்த தொழிலாளர் திரளாக வாழும் தென்சென்னைப் புறநகரில் அந்தப் பயம் உடனே தெரிந்தது. காவல்துறைத் தலைமை இயக்குநரே காணொளியில் வந்து மறுக்க வேண்டியிருந்தது. இவை எதுவும் ஹேக் போகும் குற்றங்கள் அல்ல. பொதுமக்கள்மீது பரவலாகவோ திட்டமிட்டோ நடத்தப்படும் தாக்குதலோடு இணைந்தால்தான் மானுடத்துக்கு எதிரான குற்றம். இவற்றுக்கு உள்நாட்டுச் சட்டம் இருக்கிறது. பகை மூட்டுவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவு, பீதி கிளப்பும் பொய்க்கு 353-ஆவது பிரிவு.

ரோஹிங்கியாவுக்கு எதிரான வெறுப்பை ஃபேஸ்புக் பெருக்குவதைத் தடுக்கச் சொல்லி அகதிகள் இருவர் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். பதிவு வெளியாகும் முன்பே தணிக்கை செய்யச் சொல்ல முடியாது, 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலரிடம் புகார் கொடுங்கள் என்று 2024 ஜனவரியில் நீதிமன்றம் அனுப்பிவிட்டது. முன்தணிக்கையை மறுத்தது சரிதான். ஆனால் அவர்கள் கேட்டது நிரல் வெறுப்பை மேலே தூக்குவதைப் பற்றியும்தான். ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாகப் புகார் எழுதும் நிலையில் பழைய இரும்பு பொறுக்கும் குடும்பம் இல்லை.

கொலைக்கு அழைக்கும் பதிவோ, கொடுமையைக் காட்டும் காணொளியோ உங்கள் கண்ணில் பட்டால், புகார் பொத்தானை அழுத்தும் முன் அதைப் பத்திரப்படுத்துங்கள். பதிவின் முழு இணைப்பு, பதிவிட்டவரின் கணக்குப் பெயர், தேதி, நேரம், கீழே உள்ள கருத்துகள் எல்லாம் தெரியும்படி திரைப்பிடி எடுங்கள். காணொளியானால் கோப்பாகவே சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் யாரிடமிருந்து, எந்தக் குழுவில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படி அனுப்பும்போது படம் சுருங்குகிறது, எடுத்த நேரமும் இடமும் சொல்லும் தகவல் உதிர்ந்துவிடுகிறது. கோப்பை வெட்டவோ, எழுத்து ஒட்டவோ வேண்டாம். பிறகு புகார் செய்யுங்கள். நிறுவனத்திடமும், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும், தாம்பரம் மாநகரக் காவல் எல்லைக்குள் இருப்பவர்கள் அங்குள்ள சைபர் குற்றப் பிரிவிலும் கொடுக்கலாம். கண்டிப்பதற்காகக்கூட அந்தப் பதிவை மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம்.